துருப்பிடித்த போல்ட்டும் அக்கா வீட்டு ஸ்கூட்டரும்



போன வாரம் கையெல்லாம் கிரீஸோடு நான் ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டிருந்தேன். "சார், ரிட்டயர்டு ஆகி மெக்கானிக் ஆயிட்டீங்களா?" என்று பாதிப் பேர் கேட்டிருந்தீர்கள். "அது அத்தான் வண்டிதானே?" என்று உறவுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

ஆமாம், அது அத்தானின் பஜாஜ் சேத்தக். 1988-இல் வாங்கியது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து ஸ்கூட்டர் வாங்கிய காலம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வண்டி வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அதில் முன்னால் நின்றபடிதான் பள்ளிக்கூடம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அத்தான் அரைக்கால் சட்டையோடு வண்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார், கார்பரேட்டரை ஊதுவார். அவர் வேறு யாரையும் வண்டியில் கை வைக்க விட்டதில்லை.

அக்கா வீடு வேதாரண்யம் பக்கம். அங்கே காற்றிலேயே உப்பு இருக்கும். ஜன்னல் கம்பியும் கேட்டின் கீலும் மூன்று வருடத்தில் இற்றுப்போகும் ஊர் அது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது கொட்டகையின் கூரை பறந்துபோனது. வண்டி சாய்ந்து உப்புத் தண்ணீரில் கிடந்தது. அத்தான் அதை நிமிர்த்தி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அதற்கு மேல் வேலை பார்க்க அவருக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. 2021-இல் அவர் போய்விட்டார். அதன்பிறகு வண்டியை யாரும் தொடவில்லை.

இப்போது அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு திருச்சிக்குப் போக வேண்டிய நிலை. மகன் தன்மையான பையன்தான். "மாமா, ஓடுற வண்டின்னா எடுத்துட்டு வந்துடலாம். ஓடாத இரும்பை வைக்க அபார்ட்மென்ட்டில் இடம் கிடையாது" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. காயலான் கடைக்காரர் இரண்டு முறை வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லு. அவர் கை பட்டது எதையும் அறுத்து எறியாம செய்ய முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

தனியாக இறங்கவில்லை. என்னிடம் பத்தாம் வகுப்பில் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் அந்த ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பெயரைப் போட்டால் கூச்சப்படுவார். அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். எஞ்சின் உள்ளே இறுகிப்போயிருந்தது. எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கினால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும். அதற்குக் கழற்ற வேண்டிய நட்டும் போல்ட்டும் ஒவ்வொன்றும் துருவில் ஒட்டிக் கிடந்தன.

இந்த இடத்தில் பழைய வாத்தியார் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறார், மன்னியுங்கள். போல்ட் ஏன் இறுகுகிறது? இரும்பு துருவாக மாறும்போது, இரும்பாக இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் கூடுதலான இடத்தை அடைக்கிறது. மரைக்கும் மரைக்கும் நடுவே இருக்கும் சந்தோ மிகச் சிறியது. அந்தச் சந்துக்குள் துரு வளர்ந்தால் ஆப்பு அடித்தது மாதிரிதான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. எஃகு போல்ட் அலுமினியத்துக்குள் இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக வரும். அதுவும் சந்தை அடைத்துக்கொள்ளும்.

நான் ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் மாணவர் தடுத்தார். "சார், இன்னைக்கு எதையும் கழட்ட வேணாம். எண்ணெய் மட்டும் விட்டுட்டுப் போவோம்" என்றார். ஒவ்வொரு போல்ட்டையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை மரை ஓரத்தில் அடித்தார். கடையில் டபிள்யூ.டி. 40 என்று ஒரு டப்பா விற்கிறதே, அது 1953-இல் அமெரிக்காவில் உருவானது. நீரை அகற்றும் கலவைக்காக நாற்பதாவது முறை செய்து பார்த்ததில் அமைந்தது என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். நாங்கள் அதோடு டீசலும் விட்டோம். மூன்று நாள், காலையும் மாலையும். எண்ணெய் சந்துக்குள் ஊர்ந்து போக நேரம் வேண்டும். எண்ணெய் விட்ட பிறகு போல்ட்டின் தலையில் சுத்தியலால் லேசாக நாலு தட்டு. அந்த அதிர்வில் துரு கீறல் விடும், எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

நான்காம் நாள் கழற்ற ஆரம்பித்தோம். அப்போது அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் புதிது. கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். "விட்டுருச்சு சார்" என்றார். பிறகு கால் சுற்று தளர்த்தி, மறுபடி உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று தளர்த்தி, இப்படியே முன்னும் பின்னுமாக வெளியே கொண்டுவந்தார். ஒரே மூச்சில் திருகினால் உதிர்ந்த துருப்பொடி மரைக்குள் சிக்கி மறுபடி இறுக்கிவிடுமாம். ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டினால் திருப்புவிசை கூடும் என்று நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் அந்தக் குழாயைத் தொடவே இல்லை. "குழாய் போட்டா போல்ட் வராது சார், தலைதான் தனியா வரும்" என்றார்.

சைலன்சர் போல்ட்டுக்கு நெருப்பு தேவைப்பட்டது. சேத்தக்கில் சீட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. அதை முதலில் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் கேஸ் விளக்கைப் பற்றவைத்தார். யாராவது வீட்டில் முயன்றால் இந்த ஒன்றை மறக்கவே கூடாது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 10 மி.மீ. துளையை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், போல்ட் விரிவதைவிடத் துளை சுமார் 0.01 மி.மீ. அதிகம் விரியும். தலைமுடியின் தடிமனில் ஒரு சின்னப் பங்கு. அந்த இடைவெளியிலேயே போல்ட் சுழன்று வந்தது.

பின்சக்கர நட் ஒன்று தலை மழுங்கி, எந்த ஸ்பேனருக்கும் பிடி கொடுக்கவில்லை. அதை உளி வைத்துப் பக்கவாட்டில் பிளந்து எடுத்தார். "நட்டு போனா போகுது சார், உள்ள இருக்கிற ஸ்டட்டு நல்லா இருக்கணும்" என்றார். இந்த வேலையில் முதல் கேள்வி எதைக் கழற்றுவது என்பதில்லை. எது பிழைக்க வேண்டும் என்பதுதான். அது முடிவாகிவிட்டால் எது போகலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கடைசியில் மிஞ்சியது எஞ்சினை வண்டியோடு கோக்கும் நீள போல்ட். நட் கழன்றுவிட்டது. போல்ட் அசையவில்லை. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கொஞ்சம் சுற்றுவதுபோல் இருக்கும், விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். உண்மையில் போல்ட் சுற்றவில்லை. அதைச் சுற்றி இருக்கும் இரும்புக் குழலோடு அது ஒட்டிப்போயிருந்தது. குழலுக்கு வெளியே இருக்கும் ரப்பர் புஷ்தான் முறுகி மீண்டுகொண்டிருந்தது. சூடு காட்டினால் ரப்பர் எரியும். சம்மட்டியால் அடித்தால் அடி அலுமினிய கேசிங்கில் இறங்கும். இரண்டு நாள் எண்ணெய் விட்டுப் பார்த்தோம். பலனில்லை.

மாணவர் அக்காவைக் கூப்பிட்டு கேசிங்கைக் காட்டினார். அதில்தான் எஞ்சின் நம்பர் பொறித்திருக்கிறது. "அம்மா, ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற நம்பர் இதுதான். இது வெடிச்சா வேற கேசிங் தேடணும். நம்பர் மாறிடும், அதைப் பதிய அலையணும். அப்புறம் இது பாதி உங்க வண்டி இல்ல. போல்ட்டை அறுத்தா போல்ட்டும் புஷ்ஷும்தான் போகும். ரெண்டும் கடையில கிடைக்கும்" என்றார்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அது அக்கா எடுக்க வேண்டிய முடிவு. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அத்தான் கையெழுத்தில் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஆயில் அளவு எழுதியிருந்தது, பாதி அழிந்து. அதைப் பார்த்துக்கொண்டே, "அவர் இருந்தா இந்நேரம் அறுத்திருப்பார். அறுங்க தம்பி" என்றார்.

ஹேக்ஸா சட்டம் அந்தச் சந்துக்குள் போகாது. வெறும் பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, ரப்பர் புஷ்ஷுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே விட்டு அறுக்க வேண்டும். நானும் அவரும் மாறி மாறி அறுத்தோம். வலது பக்கம் ஒன்றரை மணி நேரம், இடது பக்கம் அதைவிடக் கூடுதல். ஐந்து பிளேடு போனது. எஞ்சின் இறங்கியபோது கேசிங்கில் ஒரு கீறல்கூட இல்லை.

அறுபட்ட மூன்று துண்டுகளையும் எடுத்து வைத்துக்கொள்வார் என்று நினைத்து அக்காவிடம் நீட்டினேன். வாங்கி, ஒரு முறை பார்த்துவிட்டு, தானே பழைய இரும்பு டப்பாவில் போட்டார். "காபி போடறேன்" என்று உள்ளே போனார்.

எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் ஐந்து வாரம் இருந்தது. போன சனிக்கிழமை மாட்டி முடித்தோம். வண்டியை இடது பக்கம் சாய்த்து நிமிர்த்தி, பதினோராவது உதையில் எடுத்தது. தெரு முழுக்கப் புகை. நீலப் புகை மணம் வந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்து, "சார் வந்துட்டாரோன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்றிய போல்ட், நட் எல்லாவற்றின் மரையிலும் கிரீஸ் தடவித்தான் போட்டிருக்கிறோம். அடுத்து கழற்றுகிறவர் யாராக இருந்தாலும் எங்களைத் திட்ட மாட்டார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சொந்த வண்டியின் பதிவு 15 வருடம் வரைதான். அதன்பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அக்கா வண்டிக்கு அந்த வேலையும், பெயர் மாற்றும் வேலையும் இனிமேல்தான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னென்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். சலுகை எதுவும் வேண்டாம். வரிசையில் நின்றே வாங்கிக்கொள்கிறோம்.

மருமகன் அபார்ட்மென்ட்டில் வண்டி நிறுத்த இடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். தை பிறந்ததும் அக்கா திருச்சி போகிறார். வண்டியும் கூடவே போகிறது.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருந்தால் கீழே எழுதுங்கள். படித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர்