மார்வாட் வழியே – 5: துடைப்பம் பார்க்கப் போன கதை

போன வாரம் ஜோத்பூரின் மெஹ்ரான்கட் கோட்டையில் நிறுத்தியிருந்தேன். யானை அம்பாரி, பல்லக்கு, தொட்டில், வாள் என்று பகல் முழுக்கப் பார்த்து, கால் ஓய்ந்து அறைக்குத் திரும்பியதும், "நாளைக்குத் துடைப்பம் பார்க்கப் போகலாம்" என்றேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து வந்தது வெளக்கமாறு பாக்கவா? அது நம்ம வீட்டுக் கதவு மூலையிலயே கெடக்கே."

ஆட்டோக்காரருக்கும் அதே சந்தேகம்தான். அர்ணா ஜர்ணா என்று அருங்காட்சியகத்தின் பெயரைச் சொன்னால் விழித்தார். மோக்லாவாஸ் கிராமம் என்றால் தலையை ஆட்டினார். "ஜாடூ மியூசியம்" என்றதும்தான் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். ஜோத்பூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். ஊர் முடிந்ததும் செம்மணற்கல் வெட்டும் பள்ளங்கள் தொடங்கிவிடுகின்றன. வயல்களுக்கு வேலியாக முள் இல்லை, கம்பியில்லை. கல்லைப் பலகை பலகையாக அறுத்து வரிசையாக நட்டிருக்கிறார்கள். மரம் அரிதான ஊரில் மலிவாகக் கிடைப்பது கல்தானே.

அருங்காட்சியகம் இருப்பதும் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி நிலத்தில்தான். வெட்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் குளமாக நிற்கிறது. சுற்றிலும் கேஜ்ரி, கேர், இலந்தை என்று பாலைவனத்துக்கே உரிய மரமும் புதரும். வாசலில் பிரம்மாண்டமான கட்டடத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். ஊர்ப்பக்கத்து வீடுகளைப் போன்ற எளிய கட்டடங்கள்தான்.

இதைக் கனவு கண்டவர் கோமல் கோத்தாரி. ராஜஸ்தானின் நாட்டார் வழக்காறுகளைப் பற்றிப் பேசினால் இவர் பெயரைத் தவிர்க்கவே முடியாது. 1960இல் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவும் இவரும் சேர்ந்து போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தேத்தா, ஊரார் வாய்வழி சொல்லிவந்த கதைகளைத் தன் போக்கில் திருப்பி எழுதினார். மணி கௌலின் 'துவிதா' படமும், பின்னால் ஷாருக் கான் நடித்த 'பஹேலி'யும் அவருடைய ஒரே கதையிலிருந்து வந்தவை. கோத்தாரி பாட்டைத் தேடிப் போனார். லங்கா, மாங்கணியார் என்ற முஸ்லிம் பாணர் சமூகங்களின் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, அவர்களை உலக மேடைகளுக்கு அழைத்துச் சென்றார். இன்று ஜெய்சல்மேர் மணல்மேட்டில் கமாய்ச்சா வாசிப்பவரைக் கேட்டு நாம் சொக்குகிறோம் என்றால் அதற்குப் பின்னால் இவரும் இருக்கிறார். 2004இல் பத்ம பூஷண். அதே ஆண்டில் மறைவு. கடைசிக் காலத்தில் அவர் மனம் வைத்த வேலை இந்த இடம்.

இசைக்கு வாழ்நாளைக் கொடுத்தவர் துடைப்பத்துக்கு ஏன் வந்தார்? ராஜஸ்தானை அவர் ராஜாக்களின் எல்லைகளை வைத்துப் பிரிக்கவில்லை. எந்த ஊரில் எந்த தானியத்தில் ரொட்டி தட்டுகிறார்கள் என்பதை வைத்துப் பிரித்தார். ஜோத்பூர், பார்மேர், ஜெய்சல்மேர் கம்பு நாடு. தெற்கே மேவார்ப் பக்கம் மக்காச்சோள நாடு. இன்னொன்று சோள நாடு. மண்ணும் மழையும் தானியத்தைத் தீர்மானிக்கின்றன. அதே மண்ணும் மழையும்தான் அங்கே முளைக்கிற புல்லையும் புதரையும் தீர்மானிக்கின்றன. புல்லும் புதரும் மாறினால் துடைப்பம் மாறும். அவர் கணக்கு அவ்வளவுதான். பட்டுச் சேலையை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. பட்டு எங்கிருந்தோ வரும். துடைப்பத்துக்காக யாரும் தொலைதூரம் போவதில்லை, காலடியில் முளைத்ததைப் பிடுங்கிக் கட்டுவார்கள்.

நூற்றுக்கும் மேற்பட்ட துடைப்பங்கள். முதலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. சுற்றிக் காட்டிய பெரியவர் ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கிய பிறகுதான் கண் பழகியது. மேற்குப் பாலையில் கீம்ப் என்றொரு செடி. இலையே இல்லாத பச்சைக் குச்சிகளாக மணலில் நிற்கும். வழியெல்லாம் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தோம், களை என்று நினைத்து. அதன் காயைச் சமைக்கிறார்கள், நாரைக் கயிறாகத் திரிக்கிறார்கள், குச்சியைக் குடிசைக் கூரைக்கு வேய்கிறார்கள். மிச்சத்தைக் கட்டினால் துடைப்பம். மலையும் காடும் உள்ள தெற்கே போனால் மூங்கில். ஈச்ச ஓலை கிடைக்கும் இடங்களில் அதைக் கிழித்துக் கட்டியது. முற்றத்துக்கும் தொழுவத்துக்கும் விறைப்பான பெரிய துடைப்பம், அது ஆண். வீட்டுக்குள் கூட்ட மெல்லிய புல்லில் கட்டியது, அது பெண். நெல்லுக்குப் பதில் கம்பு அடிக்கும் களத்துக்கு ஒன்று. மாவுத் திரிகையைச் சுற்றிச் சிந்தியதைக் கூட்டியெடுக்கக் கைக்கு அடங்கிய ஒன்று.

அந்தக் குட்டித் துடைப்பத்தின் முன்னால் மனைவி நின்றுவிட்டாள். "எங்க ஆச்சி திருகையத் தட்டறதுக்குத் தென்ன நார்ல இப்படித்தான் ஒண்ணு வச்சிருந்தாங்க." அதற்குப் பிறகு எனக்கு வேலையில்லை. அவளுடைய இந்தியும் பெரியவருடைய மார்வாடியும் எப்படியோ ஒத்துப்போயின. "இங்க வாங்க, பெஹன்ஜி" என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, அவள் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினாள்.

அவர் சொன்ன வழக்கங்கள் இவை: துடைப்பத்தை நிறுத்திவைக்கக் கூடாது, படுக்கத்தான் வைக்க வேண்டும். விருந்தாளி கண்ணில் படக் கூடாது. காலில் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு கூட்டினால் லட்சுமி போய்விடுவாள். தீபாவளிக்கு முன் வரும் தன்தேரஸ் நாளில் தங்கம் வாங்க முடியாதவர்கள் புதுத் துடைப்பமாவது வாங்குவார்கள். பாதிக்கு மேல் நம் வீட்டுச் சட்டங்கள்தான். அம்மைக்கு அங்கே தெய்வம் சீதளா மாதா. கழுதை மேல் அமர்ந்து, கையில் துடைப்பம் பிடித்திருப்பாள், தலையில் முறம். அவளுக்கான நாளில் அடுப்பு மூட்டுவதில்லை. முந்தின நாள் சமைத்ததைத்தான் உண்பார்கள். நம் மாரியம்மனுக்கு வேப்பிலையும் கூழும். வெயில் காலத்து நோய்க்கு இரண்டு ஊரும் குளிர்ச்சியைத்தான் படைத்திருக்கின்றன.

லட்சுமி என்று கும்பிடுகிற பொருளைக் கட்டுகிறவர்கள் யார்? பஞ்சாரா, கோலி, பாகரியா போன்ற சமூகத்தார். பலர் ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போட்டுப் பிழைத்தவர்கள். துடைப்பத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கியவர்கள். தெருவைக் கூட்டவும் மலத்தை அள்ளவும் விதிக்கப்பட்டவர்கள் கையிலிருந்த துடைப்பத்துக்கோ இந்த மரியாதை எதுவும் கிடையாது. பாட்டன் ஊரில் பட்டோலாப் பட்டு நெய்பவரின் பெயரை நாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம், லட்சங்களில் விலை சொன்னாலும் கைத்திறன் என்று தலையசைக்கிறோம். துடைப்பம் விற்பவரிடம் ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்போம், பெயரைக் கேட்க மாட்டோம். கைவினை அருங்காட்சியகங்கள் பலவற்றில் நான் கண்ட குறை இதுதான்: அழகானது மட்டும் உள்ளே போகிறது, அழகில்லாததைச் செய்த கை வெளியிலேயே நின்றுவிடுகிறது. கோத்தாரி அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறார். மெஹ்ரான்கட்டில் பகல் முழுக்கப் பார்த்தவற்றை விட இங்கே இரண்டு மணி நேரத்தில் மார்வாடைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டேன் என்பேன். கோட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பிளாஸ்டிக் துடைப்பம் வந்துவிட்ட பிறகு கீம்ப் துடைப்பம் யார் வாங்குகிறார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். வீட்டுக்குள் பிளாஸ்டிக் வந்துவிட்டது, ஆனால் மணல் முற்றத்தில் அது இரண்டு மாதம் தாங்காது என்றார். மணலை நம்பிப் பிழைத்துக் கிடக்கிறது அந்தத் தொழில்.

போக நினைப்பவர்களுக்கு: பேருந்தை நம்ப வேண்டாம். வண்டியைப் பேசும்போதே காத்திருக்கவும் சேர்த்துப் பேசிவிடுங்கள், திரும்ப வேறு வண்டி கிடைப்பது கடினம். காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கல் வீசும் அனலைத் தாங்க முடியாது. எங்கள் ஆட்டோக்காரர் ஒரு கேஜ்ரி மர நிழலில் நல்ல தூக்கத்தில் இருந்தார். எழுப்பி, வழியில் ஒரு கடையில் கம்பு ரொட்டியும் கேர் சாங்கரியும் சாப்பிட்டோம். அந்த சாங்கரி, அவர் படுத்திருந்த மரத்தின் காய்தான்.

அடுத்த வாரம் ஓசியான்: பிரதிகாரர் காலத்துக் கோயில்கள்.