சிரிப்பான் என்று ஒரு பெயர்

டெல் அவீவ்ல இருந்து எங்க ராத்திரி கான்ஃபரன்ஸ் காலில் பேசும் சக பொறியாளரை மூணு மாசமா 'ஐசக்'னே கூப்பிட்டுட்டு இருந்தேன். போன வாரம்தான் மனுஷன் பொறுமையா திருத்தினார். 'யிட்ஸ்ஹாக்'. நடுவுல வர்ற 'ஹா' தொண்டையை உரசிக்கிட்டு வரணுமாம். நான் சொன்னா காறித் துப்புற மாதிரி வருது :-)

அர்த்தம் கேட்டேன். 'அவன் சிரிப்பான்'. அட, வினைமுற்றே பெயர்! நம்ம 'சிரிப்பான்'ல கடைசி 'ஆன்' ஆளைக் காட்டுதில்லையா, எபிரேயத்தில் அந்த வேலையை முன்னாடி நிற்கும் 'யி' பார்க்கிறது. யாக்கோபு, யோசேப்பு எல்லாம் இதே அச்சுதான். கிரேக்கத்துக்குப் போனப்போ தொண்டை ஒலி உதிர்ந்து இசாக், அப்படியே இங்கிலீஷில் ஐசக், தமிழ் பைபிளில் ஈசாக்கு. நியூட்டன், அசிமோவ், 1995ல் சுட்டுக் கொல்லப்பட்ட இஸ்ரேல் பிரதமர் ராபின், எல்லாருக்கும் இந்தப் பேருதான்.

சரி, சிரிச்சது யாரு? ஆதியாகமத்தை எடுத்துப் படிச்சேன். ஆபிரகாமுக்கு 100 வயசு, சாராளுக்கு 90. பிள்ளை பிறக்கும்னு கடவுள் சொன்னதும் ஆபிரகாம் குப்புற விழுந்து சிரிக்கிறார். அப்புறம் கூடார வாசலில் நின்னு கேட்ட சாராள் மனசுக்குள்ளேயே சிரிக்கிறாள். ஏன் சிரிச்சான்னு கேள்வி வந்ததும் பயந்துபோய், சிரிக்கவே இல்லைன்னு சாதிக்கிறாள். இல்லை, சிரிச்சாய்னு பதில் வருது. சந்தோஷச் சிரிப்பெல்லாம் குழந்தை பிறந்த பிறகுதான். பிற்பாடு இஸ்மவேல் பரியாசம் பண்ணினான்னு வர்ற இடத்திலும் அதே வேர்ச்சொல்தான். நம்பாத சிரிப்பு, கேலிச் சிரிப்பு, பூரிச்ச சிரிப்பு, எல்லாத்துக்கும் ஒரே மூணு எழுத்து.

எங்களுக்குக் கல்யாணமாகி 4 வருஷம். ஊர்ப்பக்கம் போனா பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட "விசேஷம் ஏதும் உண்டா?"ன்னு கேட்டுட்டுதான் ரசத்துக்குப் போவார். தங்கமணி அப்போல்லாம் சின்னதா ஒரு சிரிப்பு சிரிப்பா. வெட்கம்னு நினைச்சிருந்தேன், மரமண்டை.

நேத்து அத்தை போன் பண்ணி அதே கேள்வி. ஸ்பீக்கர்ல இருந்துச்சு. வழக்கமான சிரிப்பு. வச்சப்புறம் கேட்டேன், "இப்ப எதுக்கு சிரிச்சே?"

"நான் எங்க சிரிச்சேன்?"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவளுக்கு சாராள் கதை தெரியாது.

'இல்ல, நீ சிரிச்சே'ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.