தட்டு உங்களைக் கடந்து போகட்டும்

மலைச்சரிவில் ஒரு சின்ன வெள்ளைக் கோயில். ரோட்டோரத்தில் அதன் அறிவிப்புப் பலகை. அதற்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நீளமான கம்போடு அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். கம்பின் நுனியில் இருந்த ரப்பர் மூடி எழுத்துத் தகட்டைக் கவ்விப் பிடித்திருந்தது. அவர் அதை மெல்லத் தூக்கி, பலகையின் பள்ளத்தில் செருகி, அடுத்த எழுத்துக்குக் குனிந்தார். காலடியில் மரப்பெட்டி ஒன்று. அதில் அறை அறையாகக் கறுப்பு எழுத்துகள்.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னேன். என் அப்பா பாளையங்கோட்டையில் சின்ன அச்சகம் வைத்திருந்தவர். கன்வென்ஷன் நோட்டீசுக்கு அவர் எழுத்துக் கோக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள் நான். அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தின் கிழக்கு மூலையில் அதே வேலை கம்பு நுனியில் நடந்துகொண்டிருந்தது.

‘எழுப்புதல் கூட்டங்கள், ஞாயிறு முதல் புதன் வரை, மாலை 7 மணி’ என்ற பொருளில் வரிகள் வந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து தீர்ந்துவிட்டது. பெரியவர் ஒரு 3-ஐ எடுத்துத் திருப்பிப் போட்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. எழுத்து தீர்ந்தால் அப்பா வாக்கியத்தையே மாற்றிவிடுவார். இரண்டும் ஒரே கவலைதான். செய்தி நிற்கக் கூடாது.

“இன்று சாயங்காலம் வாருங்கள் அம்மா. நீங்கள் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்” என்றார் பெரியவர். என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த அக்கா மகள், “சித்தி, போவோமா?” என்று கேட்டாள். அதற்குள் நான் சரி சொல்லி முடித்திருந்தேன்.

நாஷ்வில்லில் இருக்கும் அவள் வீட்டுக்கு நான் போனதற்கே ஓர் அச்சகம் பாதிக் காரணம். அங்கே ஹாட்ச் ஷோ பிரின்ட் என்ற பழைய அச்சகம் இன்னும் மர எழுத்துகளை வைத்துப் போஸ்டர் அடிக்கிறது. 1879-இல் ஹாட்ச் சகோதரர்கள் தொடங்கியது. அவர்கள் முதன்முதலில் அடித்த நோட்டீசே ஹென்றி வார்ட் பீச்சர் என்ற போதகரின் கூட்டத்துக்குத்தான். அந்த மை வாசனையோடு புறப்பட்ட எனக்கு வழிநெடுக நற்செய்தி விளம்பரமாகவே கண்ணில் பட்டது.

நாக்ஸ்வில்லுக்கு வடக்கே அப்பலாச்சிய அருங்காட்சியகத்தில், ஹாரிசன் மேஸ் செய்த கான்கிரீட் சிலுவைகளைப் பார்த்தேன். கென்டக்கியின் மிடில்ஸ்பரோவைச் சேர்ந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி அவர். சுரங்க விபத்தில் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் ஆண்டவருக்கே உழைப்பேன் என்று பொருத்தனை செய்தாராம். பிழைத்தார். 600 கிலோவுக்கு மேல் எடையுள்ள சிலுவைகளை வார்த்து, கடவுளைச் சந்திக்க ஆயத்தப்படச் சொல்லும் வாசகத்தைப் பதித்து, மாநிலம் மாநிலமாக நெடுஞ்சாலை ஓரங்களில் நட்டார். ஒரு சிலுவையைத் தொட்டுப் பார்த்தேன். எழுத்தின் பள்ளம் என் விரல் ஆழத்துக்கு இருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அழியக் கூடாது என்று நினைத்தவன் கை அது.

நான் போன கோயில் அடிப்படைவாத பாப்டிஸ்ட் சபை. ‘அடிப்படைவாதி’ என்றால் நம் ஊரில் வசவு. இவர்கள் அதைத் தங்கள் பெயராகவே வைத்துக்கொண்டவர்கள். 1910-க்கும் 1915-க்கும் இடையில், லைமன் ஸ்டூவர்ட் என்ற எண்ணெய் வணிகரும் அவர் சகோதரரும் பணம் போட்டு, கிறிஸ்தவத்தின் அடிப்படைகளை விளக்கும் 12 தொகுதிகளை அச்சிட்டார்கள். ஏறத்தாழ 30 லட்சம் பிரதிகள் போதகர்களுக்கும் ஊழியர்களுக்கும் இலவசமாகத் தபாலில் போயின. 1920-இல் கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர் அந்த ‘அடிப்படை’ என்ற சொல்லைக் கொண்டு ஆட்களுக்குப் பெயர் வைத்தார். ஓர் இயக்கத்தின் பெயரே இலவசப் பிரதிகளிலிருந்து வந்தது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

மாலை ஏழு மணிக்குப் போனோம். பெண்கள் எல்லோரும் நீளப் பாவாடை. என் சேலையைப் பார்த்து இரண்டு பாட்டிமார் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பைத் தவிர வேறு வேதாகமம் யார் மடியிலும் இல்லை.

பாட்டு முடிந்ததும் காணிக்கை. போதகர் எழுந்து ஒன்று சொன்னார்: இன்று புதிதாக வந்திருக்கிறவர்கள் எங்கள் விருந்தாளிகள், தட்டு உங்களிடம் வந்தால் கடந்து போகட்டும், நீங்கள் எதுவும் போட வேண்டாம். நான் கைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். பக்கத்துப் பாட்டி என் கையை மெதுவாக மூடிவிட்டு, தட்டை எனக்கு அப்பால் நீட்டினார்.

இத்தனை கைப்பிரதி, இத்தனை பலகை, சனிக்கிழமை தோறும் வீடு வீடாகக் கதவு தட்டி அழைப்பு. வந்தவரிடம் மட்டும் பணம் வேண்டாம். ஏன் என்று கேட்டேன். பெரியவர் வேதாகமத்தைத் திறந்து இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று மல்கியா மூன்றாம் அதிகாரம்: தசமபாகம் பண்டசாலைக்கு வர வேண்டும். பண்டசாலை என்றால் இவர்களுக்கு உள்ளூர்ச் சபை. இன்னொன்று மூன்றாம் யோவான்: ஊழியத்துக்குப் புறப்பட்டவர்கள் வெளியாரிடம் எதுவும் வாங்கவில்லை. சபையின் செலவு விசுவாசிகளின் கடன். அதை அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது. கேக் விற்பது, கார் கழுவிக் காசு சேர்ப்பது, குலுக்கல் நடத்துவது இவற்றைப் பல சபைகள் அறவே ஒதுக்குகின்றன. ஆலயத்தில் இயேசு காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்ததையும் அவர் நினைவூட்டினார்.

அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயைப் போட்டி போட்டு ஏலம் எடுக்கும் ஊர்க்காரி நான். அந்த ஏலத்தில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அது ஊர் கூடிச் சிரிக்கும் நாள். ஆனால், கேட்கக் கூடாதவரிடம் கேட்பதில்லை என்று ஒரு சபை தீர்மானமாக நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

இந்தக் கட்டுப்பாட்டின் பாரம் உறுப்பினர் மேல்தான் இறங்குகிறது. பத்தில் ஒன்று தொடக்கம் மட்டுமே. அதற்கு மேல் மிஷனரிகளுக்கு ‘விசுவாச வாக்குறுதி’. வரும் வருடம் இவ்வளவு தருவேன் என்று சீட்டில் எழுதிக்கொடுப்பது. வருகிற நற்செய்தியாளருக்கு அன்பின் காணிக்கை தனி. வாடகைக்கே திணறும் குடும்பத்தில் இது என்ன பாடுபடுத்தும் என்று எனக்குக் கவலையாகவே இருந்தது. கேட்டபோது, “கொடுத்துக் கெட்டதில்லை அம்மா” என்றார் ஒரு பாட்டி. அவர் நம்பிச் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

மிஷனரிகள் பாடும் லேசில்லை. தெற்கத்திய பாப்டிஸ்டுகள் 1925-இலேயே பொது நிதித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஆனால், நான் போனது போன்ற சுயாதீன சபைகளுக்கு மேலே தலைமை அலுவலகமும் இல்லை, பொதுக் கஜானாவும் இல்லை. ஆகவே மிஷனரி குடும்பத்தோடு காரில் சபை சபையாகப் போய்த் தன் பாரத்தைச் சொல்லி, மாதந்தோறும் தாங்குகிறவர்களைச் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். அந்தக் கோயிலின் பின்சுவரில் உலக வரைபடம் இருந்தது. மிஷனரி குடும்பங்களின் படம் போட்ட ஜெப அட்டைகளிலிருந்து நாடுகளுக்கு நூல் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

விளம்பரத்திலும் எல்லாம் எனக்குப் பிடித்துவிடவில்லை. 1970-களில் இண்டியானாவின் ஹாமண்ட் நகரில் ஜாக் ஹைல்ஸ் நடத்திய சபை ஞாயிறுதோறும் பேருந்துகளில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிவந்தது. அதைப் பார்த்துப் பல சபைகள் பேருந்து வாங்கின. பிள்ளைகளை வரவைக்க மிட்டாய், பரிசு, இருக்கைக்கு அடியில் ஒட்டிய பணத்தாள் என்று போட்டி வளர்ந்தது. காசு கேட்காத கை காசு காட்டி அழைக்கலாமா? இந்தக் கேள்வியை அந்த வட்டாரத்துப் போதகர்களே எழுப்பியிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

திரும்பும் வழி சட்டனூகா. அங்கே ஹைலண்ட் பார்க் பாப்டிஸ்ட் சபையில் 1942 முதல் 1983 வரை போதகராக இருந்தவர் லீ ராபர்சன். அவருடைய கைக்குழந்தை ஜாய் இறந்துபோனபோது, அவள் பெயரில் 1946-இல் பிள்ளைகளுக்கு முகாம் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. அந்த ஊரில் அவர் தொடங்கிய கல்லூரி 2015-இல் மூடப்பட்டது. எனக்கு அந்தக் கட்டணமில்லாத முகாம்தான் மனதில் நிற்கிறது.

மலைக்கோயிலில் வாங்கிய நோட்டீஸ் என் மேசையில் இருக்கிறது. நாள், நேரம், செய்தியாளர், இடம், பேருந்து வேண்டுமானால் அழைக்க ஒரு நம்பர். காணிக்கை பற்றி ஒரு சொல் இல்லை. வரும் கன்வென்ஷனுக்கு நோட்டீஸ் அடிக்கப்போகும் நம் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். நம் பண்டிகை ஏலம் அப்படியே இருக்கட்டும். காணிக்கைப் பை சுற்றி வரும்போது மட்டும், புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டாம் என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.