நம்மவர் வென்ற தீர்ப்பு

பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள நம் இல்லங்களில் கபீப் நூர்மகமெதோவ், இஸ்லாம் மக்காச்சேவ் என்னும் பெயர்கள் புதியவை அல்ல. தாகெஸ்தானின் மலைநாட்டிலிருந்து வந்து, கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியான யூஎஃப்சியில் லைட்வெயிட் பட்டத்தை வென்றவர்கள் இவ்விருவரும். வெற்றி பெற்றதும் முதலில் இறைவனைப் புகழும் இவர்களை நம் பிள்ளைகள் உடன்பிறந்தோராகவே கருதுகின்றனர். முகத்தில் அடிக்கும் விளையாட்டு மார்க்கத்தில் கூடுமா என்பது ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டிய தனி வினா. இங்கு நாங்கள் பேச விழைவது வேறொன்றைப் பற்றி. நாம் விரும்பும் வீரர் வென்றால் நடுவர்கள் நீதிமான்கள், தோற்றால் அவர்கள் விலைபோனவர்கள் என்னும் பேச்சு நம் வீடுகளில் எளிதாக நுழைந்துவிடுகிறது.

2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த போட்டியை எடுத்துக்கொள்வோம். ஃபெதர்வெயிட் சாம்பியனான ஆஸ்திரேலியர் அலெக்சாண்டர் வோல்கனோவ்ஸ்கி, ஓர் எடைப்பிரிவு மேலேறி மக்காச்சேவை எதிர்கொண்டார். ஐந்து சுற்றுகளும் முழுமையாக நடந்தன. மூன்று நடுவர்களும் மக்காச்சேவே வென்றதாகத் தீர்ப்பளித்தனர்; இருவர் 48-47 எனவும், ஒருவர் 49-46 எனவும் எழுதியிருந்தனர். ஆனால் கடைசிச் சுற்றில் மக்காச்சேவைக் கீழே வீழ்த்தி, மேலிருந்து குத்திக்கொண்டிருந்தவர் வோல்கனோவ்ஸ்கி. அந்நிலையில்தான் ஆட்டம் முடிந்தது. “அடி வாங்கிக்கொண்டிருந்தவர் எப்படி வென்றார்?” என்று உலகெங்கும் எழுந்த கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. மூத்தவன் தீர்ப்பு சரி என்றான்; இளையவன் அநீதி என்றான். இருவருமே மக்காச்சேவின் ஆதரவாளர்கள் என்பதுதான் எங்களை நின்று கவனிக்க வைத்தது.

விடை கணக்கு முறையில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் தனித்தனியே மதிப்பிடப்படுகிறது. சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. மயிரிழையில் வென்ற சுற்றுக்கும் 10-9. தெளிவாக வென்ற சுற்றுக்கும் பெரும்பாலும் அதே 10-9. வேறுபாடு மிகப் பெரிதாயிருந்தால் மட்டுமே 10-8. ஆகவே மூன்று சுற்றுகளை நூலிழையில் வென்றவர், இரண்டு சுற்றுகளில் நன்றாக அடிபட்டாலும் 48-47 என வெல்ல இயலும். ஐந்தாம் சுற்றில் விழுந்த குத்து, அந்த ஒரு சுற்றைத்தான் வோல்கனோவ்ஸ்கிக்குத் தர முடியும். முந்தைய நான்கை அது திருத்தி எழுதாது. கண் முழுப் போட்டியையும் ஒன்றாகப் பார்க்கிறது. நடுவரின் தாளோ ஐந்து துண்டுகளாகப் பார்க்கிறது. சச்சரவுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

மறுபாதி உத்தியைப் பற்றியது. எதிராளியைக் கூண்டின் ஓரத்துக்குத் தள்ளி, கால்களைப் பிணைத்து, தரையில் வீழ்த்தி, மூச்சு வாங்க விடாமல் அழுத்துவது தாகெஸ்தான் வீரர்களின் வழி. பெர்த்தின் நான்காம் சுற்றில் மக்காச்சேவ் எதிராளியின் முதுகைப் பற்றி, இடுப்பைக் கால்களால் பூட்டி நெடுநேரம் வைத்திருந்தார். வோல்கனோவ்ஸ்கியோ அந்த நிலையிலிருந்தே பின்னோக்கிக் குத்திக்கொண்டிருந்தார். அச்சுற்று யாருடையது? 2017இல் தெளிவாக்கப்பட்ட விதிகளின்படி, அடியும் பிடியும் விளைவித்த பயனே முதல் அளவுகோல். அது சமமாயிருந்தால்தான் முனைந்து தாக்கியவர் யார் என்று பார்க்க வேண்டும். அதுவும் சமமானால் மட்டுமே கூண்டில் யாருடைய கட்டுப்பாடு ஓங்கியது என்பது கணக்கில் வரும். முதுகைப் பிடித்திருந்ததே பயனா, அந்தப் பிடியிலிருந்து முடிக்கும் முயற்சி வந்தால்தான் பயனா என்பதில் நேர்மையானவர்களே வேறுபடலாம். வேறுபடுவதால் ஒருவர் கையூட்டுப் பெற்றவர் ஆகிவிட மாட்டார்.

இனி, நம் பிள்ளைகள் கேட்க விரும்பாத ஒரு செய்தி. 29 போட்டிகளில் ஒரு தோல்வியும் இன்றி 2020இல் ஓய்வு பெற்ற கபீபின் வரலாற்றிலும் இத்தகைய தீர்ப்பு ஒன்று உண்டு. 2012 ஜூலையில் லாஸ் வேகாஸில் பிரேசில் நாட்டின் கிளெய்சன் டிபாவுடன் அவர் மோதினார். மல்யுத்தத்திற்குப் பெயர்பெற்ற கபீபின் வீழ்த்தும் முயற்சிகளை டிபாவ் திரும்பத் திரும்ப முறியடித்தார். மூன்று நடுவர்களும் கபீபுக்கு 30-27 என்றே அளித்தனர். டிபாவே வென்றார் என்று கருதுவோர் இன்றும் பலர். பெர்த் தீர்ப்பைக் குறை சொல்வோரைப் பொறாமைக்காரர் என்று ஏசுபவர், இதற்கு என்ன சொல்வார்? நெருங்கிய உறவினருக்கு எதிராக அமைந்தாலும் நீதியையே பேச வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். அக்கல்வி வழக்குமன்றத்துக்கு மட்டும் உரியதன்று.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியைப் பார்ப்பதாயின் வருணனையின் ஒலியை நிறுத்திவிடுவோம். ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன், அடுத்தது தொடங்குமுன், ஒவ்வொருவரும் தத்தம் தாளில் மதிப்பெண் எழுதிவிட வேண்டும். முடிவை மறுப்பவர் எந்தச் சுற்று, என்ன காரணம் என்று சொல்லியாக வேண்டும். சான்றின்றி நடுவரின் நேர்மையைப் பழிப்பதற்கு இடமில்லை. அது புறம்பேசுவதைவிடவும் கொடிய அவதூறு.

அதே ஆண்டு அக்டோபரில் அபுதாபியில் நடந்த மறுபோட்டியில், முதல் சுற்றிலேயே தலையில் விழுந்த உதையால் மக்காச்சேவ் வென்றார். “பெர்த் தீர்ப்பு சரியென்று இப்போது உறுதியாகிவிட்டது” என்று மூத்தவன் மகிழ்ந்தான். இளையவன் மறுத்தான்: காயமுற்ற வேறொரு வீரருக்குப் பதிலாக, இரண்டு வாரத்திற்கும் குறைவான அவகாசத்தில் வந்தவர் வோல்கனோவ்ஸ்கி, அத்துடன், அக்டோபரில் விழுந்த உதைக்குப் பிப்ரவரிச் சுற்றில் மதிப்பெண் இல்லை. மக்காச்சேவின் படத்தைத் தன் அலமாரியில் ஒட்டி வைத்திருப்பவனும் அவனே.