ஈவென்ச்சுவலா எப்போ ஊருக்குப் போறோம்?

'ஈவென்ச்சுவலி' என்று யாராவது ஆங்கிலத்தில் சொன்னால் நாம் என்ன புரிந்துகொள்வோம்? கொஞ்சம் நாளாகும், ஆனால் கடைசியில் நடந்துவிடும். அதையே ஒரு ஜெர்மன்காரர் தன் ஊர் 'எவென்டுயெல்'லை மனசில் வைத்துக்கொண்டு சொன்னால் அர்த்தமே வேறங்க. நடக்கலாம், நடக்காமலும் போகலாம், அவ்வளவுதான்.

புனேக்கு ஆணி பிடுங்க வந்து பதினாலு வருஷம் ஆச்சு. எங்களுக்கு வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஜெர்மன்காரர்கள். ஒரு தடவை அங்கிருந்து ஒரு மெயில்: இரண்டாம் கட்ட வேலையையும் ஈவென்ச்சுவலி உங்களுக்கே தருவோம் என்று. மேலாளர் குஷியாகி ஐந்து பேரை எடுத்து உட்கார வைத்தார். நாலு மாசமாகியும் வேலை வரவில்லை. கேட்டால், "தரலாம்னுதானே எழுதியிருந்தோம்" என்று பதில். பொய் சொல்லவில்லை மனுஷன், அவர் மொழியில் அதுதான் அர்த்தம். அந்த ஐந்து பேரில் ஒரு மதுரைப் பையன், அட்வான்ஸ் கட்டி வீடு பிடித்து அப்பா அம்மாவையும் கூட்டிவந்திருந்தான். ஹைதராபாத்துக்கு மாற்றிவிட்டார்கள். மறுபடி மூட்டை முடிச்சு கட்டினான், பாவம்.

இதற்கெல்லாம் மூலம் லத்தீன். 'ஏவெனீரே' என்றால் வெளியே வருவது. அதிலிருந்து 'ஏவெந்துஸ்', அதாவது விளைவு. அதன் உரிச்சொல் ஐரோப்பா முழுக்கப் பரவி, ஊருக்கு ஒரு வேஷம் போட்டுக்கொண்டது. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் 'நேரக்கூடிய'. ஸ்பானிஷில் அதோடு 'தற்காலிகமான' என்றும் அர்த்தம் உண்டு, கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வைக்கிற ஆளையும் 'எவென்டுவால்' என்பார்கள். போர்ச்சுகீஸில் 'எப்போதாவது நடக்கிற'. டென்மார்க்கில் மீட்டிங் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியே 'எவென்டுவெல்ட்'தான், வேறு ஏதாவது பேச இருந்தால் பேசலாம் என்று. ஆங்கிலம் மட்டும் 'கடைசியில் நடக்கும்' என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. அங்கேயும் பழைய வாசனை மிச்சமிருக்கிறது. 'ஈவென்ச்சுவாலிட்டி' என்றால் இன்றைக்கும் 'நேரக்கூடிய ஒன்று'தானே?

சிரிக்காதீங்க, நம்ம கதையும் இதேதான். சமஸ்கிருத 'அவசர'வுக்குத் தருணம், வாய்ப்பு என்று அர்த்தம். இந்தியிலும் மலையாளத்திலும் அது வாய்ப்பாகவே இருக்கிறது. தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. நமக்கும் கன்னடத்துக்காரர்களுக்கும் பறக்கிற பறப்பு. ஹைதராபாத்துக்குப் போன நம்ம பையனிடம் ஒரு கடைக்காரர் "அவசரமா?" என்று கேட்டாராம். "இல்லண்ணா, மெதுவாவே எடுங்க" என்றிருக்கிறான். தேவையில்லையாக்கும் என்று அவர் சாமானைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாராம்.

ஆபீஸில் இப்போதெல்லாம் அந்த வார்த்தை வந்தாலே தேதி கேட்டு பதில் மெயில் போட்டுவிடுகிறோம். வீட்டில்தான் சிக்கல். கும்பகோணத்திலிருந்து அம்மா வாராவாரம் போனில் கேட்பாள், "எப்பப்பா ஊரோட வர்றீங்க?" "வந்துடுவோம்மா." பதினாலு வருஷமாக இதே பதில்தான். அப்பாவுக்கு எழுபத்தாறு ஆகிறது. முன்பு திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிற எல்லோரையும் விசாரிப்பவர், இப்போது வாசல் வரை வரவே சுவரைப் பிடிக்கிறார்.

பொண்ணு பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மொழியாக ஜெர்மன் எடுத்திருக்கிறாள். போன மாசம் போனை வைத்ததும் கேட்டாள், "அப்பா, நீ பாட்டிகிட்ட சொல்றது இங்கிலீஷ் ஈவென்ச்சுவலியா, ஜெர்மன் ஈவென்ச்சுவலியா?"

தங்கமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்க ரெண்டு பேருக்குமே பதில் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பொண்ணு பத்தாவது முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம். இங்கே வாங்கின வீட்டுக் கடன் பாதிக்கு மேல் பாக்கி. வாரத்தில் பாதி நாள் ஊரிலிருந்தே வேலை பார்க்க முடியுமா என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். அந்த வார்த்தையின் லட்சணம் உங்களுக்கே தெரியும்! அதனால் எந்த மாசத்துக்குள் சொல்வீர்கள் என்று எழுதியே கேட்டுவிட்டேன்.

பதில் வந்ததும் அம்மாவிடம் மாசமும் வருஷமும் சேர்த்துச் சொல்லணும். முடியாது என்றாலும் அதையே சொல்லிவிடணும். உங்க வீட்டில் எப்படிங்க? "வந்துடுவோம்"னு நீங்க சொல்றது எந்த மொழியில?