பந்தி

ஆகஸ்டு 15 காலையில் என் அம்மா பாடுவாள். மற்ற நாட்களிலும் பாடுகிறவள்தான். ஆனால் அன்றைக்குத் தியாகையருக்கு லீவு. பாரதியின் சுதந்திரப் பள்ளு. டி.கே. பட்டம்மாள் பாடிப் பரவிய பாட்டு. மயிலாப்பூரில் தெற்கு மாடவீதியை ஒட்டிய எங்கள் சந்தில் நாலைந்து வீடுகளிலாவது அன்று அது கேட்கும். பள்ளு என்பது சேற்றில் இறங்கி உழைத்த ஜாதியின் பெயரில் பிறந்த பிரபந்த வகை. இது அம்மாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அவள் சுருதி விலகாமல் பாடிக்கொண்டிருக்க, கொல்லைக் கதவு வழியாக வந்த ஒருத்தி பாட்டைக் கேட்டபடியே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் கொல்லை மாடப்பிறையில் கவிழ்த்து வைத்திருக்கும். பாட்டையும் டம்ளரையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

எண்பதுகளில் ஏதோ ஒரு வருஷம். எனக்கு ஒன்பது வயசு இருக்கும். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து ஒன்பது மணிக்கே விரட்டிவிட்டார்கள். அப்பா ஊரில் இல்லை. அம்மா ஒரு சீமந்தத்துக்குக் கிளம்பினாள். நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால், என்னைப் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு, ‘வா கண்ணு, இன்னிக்குக் கோயில்ல எல்லாருக்கும் இலை போடுறாங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துரலாம்’ என்றாள்.

அதற்கு அப்போது சமபந்தி போஜனம் என்று பெயர். சுதந்திர தினத்தன்று அறநிலையத் துறைக் கோயில்களில் விசேஷ பூஜை செய்து, வந்தவர்களை எல்லாம் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது. அண்ணாவின் நினைவு நாளான பிப்ரவரி 3 அன்றும் இதே விருந்து உண்டு. பகுத்தறிவு பேசிய ஒரு தலைவரைக் கோயிலில் அர்ச்சனை செய்து நினைவு கூர்வது உலகத்தில் வேறெங்கும் நடக்குமா என்று தெரியவில்லை. தமிழ்நாட்டில் யாரும் இதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவதில்லை. இப்போது பெயரைப் பொது விருந்து என்று மாற்றிவிட்டார்கள். சமபந்தி என்று சொன்னால் உடனே மற்றப் பந்திகள் ஞாபகம் வந்துவிடுகின்றன. பொது விருந்தில் அந்தச் சங்கடம் இல்லை.

கல்தரையில் பாய் விரித்திருந்தது. அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆறு வருஷமாக தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள். சாம்பாரில் பரங்கிக்காய். வடை. கொஞ்சம் நீர்த்துப்போன பாயசம், இலையில் ஊற்றியதும் ஓட ஆரம்பித்தது. எனக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. அவள் தன் அப்பளத்தை ஒடித்து, கையை நீட்டி, என் இலையில் பாயசத்துக்கு ஒரு அணை கட்டினாள். ‘இப்போ வழிச்சுச் சாப்பிடு’ என்றாள்.

அம்மா திரும்பியபோது மணி இரண்டு. சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டாச்சு என்றேன். எங்கே என்றாள். கோயில்ல என்றேன். யார் பக்கத்தில் என்று அவள் கேட்கவில்லை. சற்று நின்றாள். ‘கொல்லையில அண்டாவில தண்ணி இருக்கு, குளிச்சுட்டு உள்ளே வா’ என்றாள். கோபமான குரல் இல்லை. ஜுரத்துக்கு மாத்திரை போட்டுக்கொள் என்பது மாதிரி. நான் குளித்தேன். என் இலைக்குள் வந்த அந்தக் கையைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. மறுநாள் அவள் வழக்கம்போல் கொல்லை வழியாக வந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் இடையே ஒரு ரகசியம் இருந்ததைப் போல நான் நடந்துகொண்டேன். அவள் அப்படி நடந்துகொண்டதாக ஞாபகமில்லை.

சென்னை மாகாணத்துக் கோயில்களை எல்லா ஜாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டமும் 1947-ஆம் வருஷத்துச் சட்டம்தான். ஒரே வருஷத்தில் இரண்டு சுதந்திரங்கள். எங்கள் சந்தில் ஒன்றைப் பாடினார்கள், மற்றதைப் பற்றிப் பேச்சே கிடையாது. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மாடவீதிகளைச் சுற்றி வருகிற நாயன்மார்களில் திருநாளைப்போவாரும் ஒருவர். அந்தக் கூட்டத்தில் யார் யாரை இடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. தெருவுக்குத் தெரு பானகம், நீர்மோர், புளியோதரை. கொடுப்பதும் ஜனங்கள், வாங்கிக்கொள்வதும் ஜனங்கள். மயிலாப்பூருக்கு தேசிய தினம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒன்று உறைத்தது. அங்கே எல்லோரும் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். தொன்னையைத் தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஹெய்ட்டியைப் பற்றிப் படித்தபோது மறுபடியும் அந்தப் பரங்கிக்காய் ஞாபகம் வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் போராடி ஜெயித்து 1804 ஜனவரி 1 அன்று சுதந்திரத்தை அறிவித்தார்கள். ஒவ்வொரு ஜனவரி 1-லும் அங்கே வீட்டுக்கு வீடு பரங்கிக்காய் சூப். அடிமைகள் அதைச் சமைக்கலாம், எஜமானர்களுக்குப் பரிமாறலாம், தாங்கள் சாப்பிடக் கூடாது என்று இருந்ததாம். சுதந்திரம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அந்த ஜனங்கள் ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுக்கிறார்கள். அண்டை அயலாருக்குத் தூக்கில் எடுத்துப் போய்க் கொடுக்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோவும் இதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நார்வேயில் மே 17 அன்று ராணுவ அணிவகுப்புக்குப் பதில் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் கொடி பிடித்து ஊர்வலம் போகிறார்கள், அன்று ஐஸ்கிரீமுக்குக் கணக்கில்லை. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு விளங்குவது சூப்தான்.

இங்கே அந்த நாளே சச்சரவாக இருந்தது. 1947 ஆகஸ்டு 15-ஐப் பெரியார் துக்க நாள் என்றார், அண்ணா அதை மறுத்து இன்ப நாள் என்று எழுதினார். ஒரே இயக்கத்துக்குள் ஒரே தேதிக்கு இரண்டு பெயர். கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை இதைவிடக் கடுமை. 1957 பிப்ரவரி 4, இலங்கையின் சுதந்திர தினத்தன்று, திருகோணமலையில் கறுப்புக்கொடி கட்ட ஏறிய தமிழ் இளைஞன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். இதையெல்லாம் நினைக்கும்போது, நாட்டின் பெயரால் வருகிற நாளில் நமக்கு இலை உண்டா இல்லையா என்பதைத்தான் ஜனங்கள் முதலில் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது.

மயிலைக்கு இது புதிதுமல்ல. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர், இறந்துபோன பெண்ணின் சாம்பலிடம் இந்த ஊரின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றை விட்டுவிட்டா போனாய் என்று கேட்கிறார். ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, பூசம், மாசிக் கடலாட்டு என்று நீள்கிற பட்டியல். ஒரு ஊரின் விடுமுறைப் பட்டியலை இவ்வளவு துக்கத்தோடு வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதில் எல்லாவற்றுக்கும் முதலாவதாக வருவது அடியார் கூட்டத்துக்குச் சோறிடுவது.

தி.நகருக்கு ஆகஸ்டு 15 என்றால் தள்ளுபடி. காலை ஒன்பது மணிக்கே ரங்கநாதன் தெருவில் காலை வைக்க முடியாது. 1958-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும். வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுமுறையோ தரவேண்டும். கடையில் சட்டைப் பையில் கொடி குத்திக்கொண்டு எனக்குத் துண்டு எடுத்துப் போட்ட பையனிடம் இதைக் கேட்டேன். சிரித்தான். ‘எந்த ஊர் சார் நீங்க?’ என்றான். இன்னொரு சட்டமும் உண்டு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கொண்டுவந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது, சுதந்திரம் வந்து 74 வருஷத்துக்குப் பிறகு. அவன் நின்றுகொண்டிருந்தான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

நான் இப்போது இருப்பது அடையாறில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். இங்கே சுதந்திர தினம் எட்டு மணிக்கு. கதர்க்கொடி போய் பாலியெஸ்டர் கொடி வந்துவிட்டது. 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி அதற்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். கொடிக்குள் பூவை வைத்து மடித்துச் சுருக்குப் போட்டு மேலே ஏற்றி வைப்பது வாட்ச்மேன். கயிற்றை இழுப்பது யாராவது ஓய்வுபெற்ற அதிகாரி. கொடியை யார் இழுப்பது என்பது சாதாரண விஷயமல்ல. கருணாநிதி டில்லியோடு வாதாடிய பிறகு, 1974-லிருந்துதான் ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றும் உரிமை முதலமைச்சர்களுக்கு வந்தது, அதுவரை கவர்னர். அந்த வாதம் இன்னும் எங்கள் வாட்ச்மேன் வரை வந்துசேரவில்லை. கீதம் முடிந்ததும் மொட்டைமாடியில் எங்களுக்கு இட்லி, பொங்கல், மேஜை நாற்காலி. அவருக்கும் கூட்டிப் பெருக்குகிற இரண்டு பெண்களுக்கும் பொட்டலம் கட்டிக் கீழே மோட்டார் ரூமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். குறைத்துக் கொடுப்பதில்லை, அதே பொங்கல், அதே வடை. நான் கமிட்டியில் இருக்கிறேன். மூன்று வருஷமாக இருக்கிறேன். அவர்களும் மேலே வந்து உட்காரட்டுமே என்று சொல்ல வாயெடுத்து, ஒவ்வொரு வருஷமும் சட்னியைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அம்மாவாவது தண்ணீர் எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

போன வருஷம் பொங்கலைச் சாப்பிடாமல் பஸ் ஏறி மயிலாப்பூருக்குப் போனேன். மயிலையில் கோயில்களுக்கா பஞ்சம், ஒன்றில் விருந்து நடந்துகொண்டிருந்தது. பிரமுகர்கள் உட்கார்ந்த வரிசையில் கேமராக்காரர்கள். நான் அடுத்த பந்திக்கு நின்றேன். வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் எவராவது பார்த்துவிடுவாரோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். கல்தரை போய் மேஜையும் நாற்காலியும் வந்திருந்தன. ஒரு பக்கம் பூக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்ட கிழவி, இன்னொரு பக்கம் எட்டு வயசுப் பையன். பாயசம் காகிதக் கப்பில் வந்தது. அணை கட்ட வேலையில்லை.

சாப்பிட்டு முடித்து இலையை மடித்தேன். எழுந்து, அதைக் கையில் எடுத்தேன். ஓரத்தில் நீலநிறத் தொட்டியோடு நின்றிருந்த பெண் வேகமாக வந்தாள்.

‘வையுங்க சார், நாங்க எடுத்துக்கிறோம்.’

‘நீங்க சாப்பிட்டாச்சாம்மா?’

‘கடைசிப் பந்தி சார்’ என்று கையை நீட்டினாள்.