சுருட்டை முடியும் நானும்

என் தலைமயிர் பிறவியிலேயே சுருட்டை. 2009இல் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது பேன் பெருகியது. முழுகத் தண்ணீர் போதாது. யாரோ சொன்னதைக் கேட்டு மண்ணெண்ணெய் பூசினேன். தலைத்தோல் எரிந்து புண்ணானது. அடுப்பருகே போயிருந்தால் தீயும் பற்றியிருக்கும்.

அதன்பின் மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மொட்டையாகிவிடுவேன் என்று அழுதேன். பசி, காய்ச்சல், பெருந்துயர் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்தே மயிர் கொட்டும், பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைக்கும் என்று பின்னர் ஒரு தாதி சொன்னார். எனக்கும் முளைத்தது.

கிளிநொச்சிக்குத் திரும்பிய பிறகும் காய்ந்த சுருட்டையை உச்சியிலிருந்து இழுத்து வாரினேன். மயிர் அறுந்து சீப்போடு வந்தது. இப்போது முழுகியதும், ஈரத்தோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, அகலப் பல்லுச் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே மேலே சிக்கெடுக்கிறேன். பேன் இருந்தால் அதே ஈரத்தில் பேன்சீப்பு. நான்கு நாளுக்கொரு முறை, இரண்டு கிழமைக்கு.

என் மகளுக்கும் இதே சுருட்டைதான். பள்ளிக்கூடம் போகத் தலை பின்னும்போது அவள் அழுவதில்லை.

சகோதரிகளே, மண்ணெண்ணெயை மட்டும் பிள்ளைகளின் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.